பத்துப் பத்தாய் எண்ணும் மேடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு
முக்கால் கிலோமீட்டர் முன்னால்
அறுபது டன் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
லோடு வண்டி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழியும்.
காலி வண்டி திரும்பி வரும். மறுபடி எண்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு.
பதினோரு வருஷமாய் நான் போடும் கணக்கு
இது ஒன்றுதான்.

பெருத்துக் கிடந்த காலத்தில் ஒரு ராத்திரி
வண்டியில்லாத மேடை நடுவில் போய் நின்று
கூண்டைத் திரும்பிப் பார்த்தேன்.
சிவப்பில் 130.
ஆஸ்பத்திரித் தராசில் நூற்று இருபத்தெட்டு.
மேடைக்குப் பத்துக்குக் கீழே
கண் தெரியாது.

இரண்டரை வருஷத்தில்
ஐம்பத்தேழு கிலோ போயிற்று.
தோல் போகவில்லை.
சரக்கிறக்கிய லாரியில்
தார்ப்பாய் மட்டும் அடித்துக்கொண்டு போகுமே,
அப்படி நடந்தேன் பாலக்காட்டுக் காற்றில்.
மடிப்புக்குள் வேர்வை, பவுடர், புண்,
பங்குனியில் புண்ணின் வாசனை.
கூண்டுக்குள் யாராவது நுழைந்தால்
ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

இடது கால் மட்டும்
இளைத்தது எதுவும் தனக்குத் தெரியாததுபோல
பத்தொன்பது வயதில் வீங்கினபடியே இருந்தது.
யானைக்கால் என்றார்கள்.
கொசு இல்லை, நிணநீர் ஓடும் வழி பிறவியிலேயே குறைவு
என்று சொல்லிச் சொல்லி
பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.
காலையில் ரப்பர் கையுறை மாட்டி
இறுக்கமான உறையைத் தொடைவரை ஏற்ற
கால் மணி நேரம்.
ஒரு எறும்பு கடித்தாலும்
மூன்று நாள் காய்ச்சல்.

டாக்டர் லின்சி என்னை நிற்கவைத்து
நீல மையில் கோடு போட்டார்.
அடிவயிற்றைச் சுற்றி ஒரு கோடு.
தொடைக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.
'இவிடம் தொட மாட்டேன்.
உள்ளே இருக்கிற கொஞ்சம் வழியையும் வெட்டினால்
வெள்ளம் எங்கே போகும்?'
அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்.
எனக்கு வெள்ளம் என்றால் வெள்ளம்.
இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினோம்.

கண் விழித்ததும் கேட்டேன்: எத்தனை?
நர்ஸ் சிரித்தாள்.
ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுதான்
எல்லாரும் கேட்பார்களாம் அந்த வார்டில்.
மூன்று கிலோ நானூறு.
எங்கே?
மஞ்சள் பை. எரித்துவிடுவார்கள்.

இரண்டு குழாய், இரண்டு பந்து,
வைக்கோல் ஊறின தண்ணீர் நிறத்தில்
என்னிலிருந்து இறங்கியது.
நூற்றிருபது மில்லி. தொண்ணூறு. மறுபடி நூற்றுப்பத்து.
பக்கத்துக் கட்டில்காரிக்கு ஆறாம் நாளே எடுத்தார்கள்.
எனக்குப் பத்தொன்பது நாள்.
கட்டுப் பிரிக்கும்போதெல்லாம்
தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி
சுவரைப் பார்த்து நிற்பாள்.
எந்த நாளென்று தெரியவில்லை,
திரும்பிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.
தையல் இடுப்பைச் சுற்றிப் போவதைக் கண்ணால் தொடர்ந்து
'முதுகுவரைக்கும் போகுதே அண்ணி' என்றாள்.

பார்க்க வந்தவர்கள்
வயிற்றைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்
காலைப் பார்த்தார்கள்.
'இதையும் சேர்த்து எடுத்திருக்கலாமே.'
கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக்
கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன்.
மடிப்பு இருந்த இடத்தில்
மரத்துப்போன ஒரு சாண்.
சட்டென்று குனிந்தால்
யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல.
ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வரத்து அடங்கியதும்
மேடையேறி நின்றேன்.

70.

ஆபரேஷனுக்கு முந்தின வாரமும்
70தான்.
எரித்தது, வடிந்தது, செண்பகவல்லி துடைத்தது
எதுவும் மேடைக்குத் தெரியவில்லை.
இன்னொரு தரம் பார்த்தேன்.
சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது.

பின்னாலிருந்து விளக்கடித்தான்
நல்லேப்பிள்ளிக்குத் தேங்காய் ஏற்றிப் போகிறவன்.
'சேச்சி, இறங்கிக்கோ,
உன்னையும் சேர்த்துத் தூக்கிடும்.'

இறங்கினேன்.
முதலில் வலது.
பிறகு, அதற்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு,
இடது.