சாவி

ஏழாம் வார்டில் முதல் இரவு.
"நர்ஸ்" என்றது ஒரு குரல்.
நானும் திரும்பிப் பார்த்தேன்,
எந்த நர்ஸ் வருகிறாள் என்று.

கூப்பிட்டவர் ஃபிண்ட்லே, இழுவைப்படகில் நாற்பது வருஷம்.
நாடி பிடித்த விரலைப் பார்த்து
"குளிருதா பெண்ணே?" என்றார்.
எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.

காலையில் அபர்தீன் துறைமுகத்தைக்
கடல்மூடுபனி விழுங்கியிருந்தது.
பேருந்தில் பாதி தூரம்.
கையுறை தேடிய பையில்
மார்ஃபின் அலமாரிச் சாவி.

இறங்கி ஓடினேன்.
ஏற்றம், ஈரம், வாயெல்லாம் உப்பு.
மோராக் திட்டவில்லை. கையை நீட்டினாள்.
"டண்டீ வரை கொண்டுபோயிருக்கிறேன் நான்,
அதுவும் ஞாயிற்றுக்கிழமை."

ஃபிண்ட்லே தூங்கிக்கொண்டிருந்தார்,
வாய் சற்றே திறந்து.
என் நேரம் முடிந்து ஒரு மணியாகிறது.
கதவருகே நின்றே மூச்சை எண்ணினேன்:
நிமிஷத்துக்குப் பதினாறு.
இதை எங்கும் எழுத வேண்டியதில்லை.