நான்காம் துண்டு

பிளேடால்தான் அறுத்தேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
காலை எட்டு ஏழு போரிவலி லோக்கலில்
ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பைக்கு.
மூன்றாம் கை முளைத்தவள்தான்
அதை முழுசாகப் பிடித்துப் படிக்க முடியும்.
முதுகில் பசை பிரிந்த சத்தத்துக்கு
அண்ணன் எட்டிப் பார்த்து
"சரஸ்வதியைக் கூறு போடுகிறாயே" என்றான்.
நான்கு கூறு.
ஒவ்வொன்றும் சப்பாத்தி டப்பாவோடு பைக்குள் அடங்கும்.

படம் வெள்ளிக்கிழமை.
ஹுதோக்ஷி இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுப்
போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
"படித்துவிட்டு வருகிறவர்கள்
பக்கத்து சீட்டின் எதிரிகள். வாயைத் திறக்காதே."

நிழலுக்கு வரி போடும் நாடு அது.
ஏழைகள் உச்சிவெயிலில் வெளியே வருவார்கள்,
நிழல் காலடியில் சுருண்டிருக்கும்போது.
பணக்காரர்கள் அந்தியில் உலாவுவார்கள்,
நீளநீளமாய் இழுத்துக்கொண்டு.

அந்த நாட்டை நான் எதைக் கொண்டு கட்டுவேன்?
கோட்டைப் படிகள் நான் தினம் ஏறும்
தாதர் மேம்பாலத்தினுடையவை,
இடது ஓரம் தேய்ந்து, மூலையில் வெற்றிலைச் சிவப்போடு.
உப்புக் கணவாய்க்கு வடாலா.
சிறகு மிருகம் இறங்கும்போதெல்லாம்
மாகிம் கழிமுகத்தின் வாடை;
ஜன்னல் பக்கம் நின்று படித்த பக்கங்கள் அவை.

நிழல் கடத்துகிறவளுக்கு
அந்தேரியில் ஏறி ஹேர்கிளிப் விற்கும் பெண்ணின் முகம்.
யார் காலையும் மிதிக்காமல்
அந்தக் கூட்டத்துக்குள் நழுவுகிறாளே,
கடத்தல்காரிக்கு வேறென்ன வேண்டும்?
அவளிடம் பத்து ரூபாய்க்கு வாங்கிய
மயில்நீலக் கிளிப்தான், ஒரு பல் உடைந்தது,
எனக்குப் பக்க அடையாளம்.

வியாழன் மாலை அவசரத்தில்
விரார் வண்டியில் ஏறித் தொலைத்தேன்.
போரிவலியில் இறங்கவிடாமல்
முழங்கைகளால் வழி மறித்தார்கள்.
பிதுங்கி விழுந்த பிறகுதான் நினைவு வந்தது:
சாமான் தட்டில் நான்காம் துண்டு.
உதவி எண்ணில் கேட்டார்கள், என்ன பொருள்?
கால் புத்தகம், என்றேன்.
வைத்துவிட்டார்கள்.

வெள்ளி. இருட்டு.
முதல் அடி பெயரில் விழுந்தது.
அறுநூறு பக்கமாய் நான் யேசிரை என்று அழைத்தவளை
ஜைஸர் என்று கூப்பிட்டார்கள்,
அவளும் திரும்பிப் பார்த்தாள்.
நடிகை மேல் குற்றமில்லை. அழகாகவே இருந்தாள்.
கிளிப்காரி சீட்டுக்குச் சண்டை போடவில்லை.
பழக்கம்தானே,
ஒரு ஓரமாய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.

அப்புறம் ஒரு பச்சைக் கதவு. இரண்டு நொடி.
அதன் பின்னால் நாற்பது பக்கம் இருக்கிறது:
நிழலில்லாமல் பிறந்த மகனுக்குக்
கறுப்புத் துணியில் நிழல் தைக்கிறார் ஒரு தையல்காரர்.
காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று,
மதியத்துக்கு ஒரு கைக்குட்டை அளவில்.
குதிரைகள் அந்தக் கதவைத் தாண்டி ஓடின.
நான் மூக்கை உறிஞ்சினேன்.
"இப்போது யார் செத்தது?" என்றாள் ஹுதோக்ஷி.
"யாருமில்லை. கதவு."

இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் பாலம் எரிந்தது.
அது அறுநூற்றுப் பதினேழாம் பக்கம்.
அதற்கப்பால்
நானும் வெறும் பாப்கார்ன்காரி.
கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.
வாள், முரசு, யாரோ பெரிய குரலில் மன்னிப்பது.
உள்ளே கிளிப்காரி தாதர் படியில் ஏறிக்கொண்டேயிருந்தாள்,
மேலே என்ன இருக்கிறதென்று
அவளும் என்னைத்தான் கேட்டாள்.

வெளியே ஆட்டோவுக்குக் கை நீட்டியபடி
"புத்தகத்திலும் இதே முடிவா?"
தெரியாது என்றேன்.
நம்பவில்லை. நூற்றெண்பது ரூபாய் பாப்கார்னுக்கு
நான் தூங்கிவிட்டதாக ஆபீஸ் முழுக்கச் சொன்னாள்.

விராரில் யாரோ ஒருத்தியிடம்
முடிவு மட்டும் இருக்கிறது,
சுண்டல் மடிக்கப் போகாமல் இருந்தால்.
இவர்கள் யார், ஏன் மாலை வந்தால் நடுங்குகிறார்கள்
என்று புரியாமல் படித்துக்கொண்டிருப்பாள்.
யேசிரையை மூன்றாவது விதமாகக் கூப்பிட்டுக்கொண்டு.

திங்களன்று மறுபடி விரார் வண்டி.
முழங்கைகள் இருக்கட்டும்.
பெண்கள் பெட்டியில் ஒவ்வொரு கொண்டையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்,
மயில்நீலம்,
ஒரு பல் உடைந்தது.