இரண்டு விரல் சாய்வு

வல்பரைசோவில் சமதளம் என்பது
துறைமுகத்துக்காரர்களுக்கு மட்டும்.
எங்கள் மேட்டில்
முட்டையை மேசைமேல் வைத்துவிட்டு
உப்பெடுக்கத் திரும்பக் கூடாது.

போன நிலநடுக்கத்தில்
வீடு கடல் பக்கம் சாய்ந்தது.
அளந்தவன் என் கணவன் எலிசெயோ.
வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தான்.
அது அடுப்படி தாண்டி, கட்டிலுக்கடியில் புகுந்து,
மேற்குச் சுவரில் டொக்கென்று நின்றது.
"இரண்டு விரல்" என்றான்,
தோற்ற வழக்கில் தீர்ப்பு வாசிக்கிற குரலில்.

நான் மேட்டுக்கு விஞ்ச் ஓட்டுகிறவள்.
இருபத்துமூன்று வருடம், நின்றபடி.
ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும்.
என் முழங்கால்களும் அந்த ரகம்:
ஒன்று சம்மதித்தால் இன்னொன்று மறுக்கும்.
சீட்டில் மாத்திரை எழுதாமல்
யோகா என்று எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

முதல் நாள் குளிக்கிற துண்டை விரித்தேன்.
துண்டு பசிபிக்கைப் பார்த்துப் புறப்பட்டது,
நானும் கூடவே.
பிறகு நாத்தனார் யாஸ்னா தந்த நீலப் பாய்.
பத்து மில்லிமீட்டர், மெத்து மெத்தென்று.
படுத்தால் சொர்க்கம்.
ஒற்றைக்காலில் நின்றாலோ
கூழில் நட்ட கரண்டி.

கீழ்நகரத்துக் கடைப் பையன்
சட்டையில் ஃபகுந்தோ என்று குத்தியிருந்தான்.
"உங்கள் பயிற்சி எப்படி, சென்யோரா?
வேகமானதா? வியர்க்குமா?"
"தரை எப்படி என்று கேள், தம்பி."

கேட்கவில்லை. சுருள் சுருளாக அவிழ்த்தான்.
தக்கைப் பாய் ஈரம் பட்டால்தான் பிடிக்குமாம்,
வியர்க்காத கைக்கு வழுக்குமாம்.
விற்க வந்தவனே இதைச் சொன்னதும்
அவன்மேல் ஒரு மரியாதை வந்தது.
சணல் என் முழங்கையைச் சுரண்டியது.
கடைசியில் ஒரு கறுப்பு ரப்பர்,
நான்கே மில்லிமீட்டர், கைக்குழந்தை கனம்,
லாரி டயர் வாசனை.
"வாசனை போய்விடும்" என்றான்,
எப்போது என்று சொல்லாமல்.

எல்லாம் அந்தக் கடையின் தட்டைத் தரையில்.
தட்டைத் தரையில் எல்லாப் பாயும் யோக்கியன்தான்.

"அந்த அலமாரிப் பலகையைக் கழற்று" என்றேன்.
"எதற்கு?"
"என் வீடு வேண்டும்."
ஒரு முனைக்கடியில் கணக்கு நோட்டுகள் அடுக்கினோம்.
விரல் வைத்துப் பார்த்தேன், இரண்டு.
வீட்டு நீளத்துக்கு இரண்டு விரல் என்றால்
பலகைக்கு அவ்வளவு ஆகாது, தெரியும்.
அடுத்த நடுக்கம் நம்மைக் கேட்டா வரும்?
இருக்கட்டும்.

செருப்பை உதறினேன்.
கை ஊன்றி, இடுப்பை வானத்துக்குக் கொடுத்து,
தூங்கி எழுந்த நாயாய் நின்றேன்.
குடையோடு ஒதுங்க வந்த ஒரு கிழவர்
தலைகீழாகத் தெரிந்தார். கைதட்டினார்.
கடையின் பச்சை நுரைப்பாய் உடனே கிளம்பிவிட்டது.
தக்கை கொஞ்சம் யோசித்தது, பிறகு கிளம்பியது.
கறுப்பு இருந்த இடத்தில் இருந்தது.
என் மூச்சு முட்டியது, மூக்கு வியர்த்தது,
அது இருந்தது.

விலை கேட்டபோதுதான் வழுக்கினேன்.

விஞ்ச்சில் ஏற்றி வந்தேன், எனக்கே நான் டிக்கெட் கிழித்து.
மூன்று நாள் ஜன்னலில் தொங்கப் போட்டான் எலிசெயோ,
"டயரோடு குடித்தனம்" என்று முணுமுணுத்து.
நாலாம் நாள் பாயின் தலைமாட்டில்
கோலிக்குண்டை வைத்தான்.
உருண்டது. டொக்.
"பார், சாய்வு போகவில்லை."
"சாய்வு போக யார் வாங்கினார்கள்?"

நேற்று நடு இரவில் விளக்கைப் போட்டால்
பாய்மேல் அவன், மல்லாக்க.
"தலை கடல் பக்கம் இருக்கு, ரத்தம் ஏறும், திரும்பிப் படு."
"வழுக்குதா என்று பார்க்கிறேன்" என்றான்,
கண்ணைத் திறக்காமல்.

விடியும்வரை பார்த்தான்,
குறட்டையோடு.
வழுக்கவில்லை.