அறுபது தவணை

ஸ்கூட்டிக்குக் கையெழுத்துப் போட்ட அன்று
லீசிங் பெடியன் கேட்டது
சம்பளத் துண்டு,
அடையாள அட்டைப் பிரதி,
பிணைக்கு இரண்டு பேர்.
வேறொன்றும் கேட்கவில்லை.
அறுபது மாதம் அக்கா, என்றான்.
நான் சிரித்தது
வட்டி வீதத்துக்கென்று நினைத்திருப்பான்.

தெல்லிப்பழையில் டொக்டரும்
அதே கணக்கைத்தான் சொல்லியிருந்தார்:
அஞ்சு வருஷம் போகட்டும் பிள்ளை,
பிறகு கதைப்பம்.

முதலில் கழுத்தில் ஒரு கட்டி,
புளியங்கொட்டை அளவு.
மெஷினில் குனிந்து குனிந்து வந்ததென்றார்கள் லைனில்.
எண்ணெய் தடவினேன்.
பிறகு இரவில் வேர்த்தது,
விசுவமடுவில் மாரி மழை கொட்டும்போதும்
தலையணை பிழியப் பிழிய.

படத்தில் இரண்டு தெரிந்தன.
ஒன்று நெஞ்சுக்குள், புகார் மாதிரி.
மற்றது தோள்மூட்டுக்குக் கீழே,
கூராய், அரிசிமணி அளவில்.
இது என்ன இரும்பு, என்றார்.
ஒன்பது வயதில் வந்தது, என்றேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
புகாரைக் காட்டிச் சொன்னார்:
செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுது.
அதுவரை தரையைப் பார்த்திருந்த அம்மா
நிமிர்ந்து கேட்டா:
இப்பவுமோ?

பஸ் ஏறும்வரை
அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.
கூவி வராத ஒன்றுக்கு
எந்தப் பக்கம் விழுந்து படுப்பது?

பன்னிரண்டு தரம் ஏற்றினார்கள்.
அதில் ஒன்று நெக்டோ நிறம்.
ஆனையிறவு வெளியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
உப்புக் காற்றுக்குள் சத்தி எடுத்தேன்.
கொண்டக்டர் தண்ணிப் போத்தல் நீட்டினார்.
பிள்ளை முழுகாமல் இருக்கிறா போல,
என்றது பின் சீட்டு.
ஓம் என்று தலையாட்டினேன்.
பரந்தன் சந்திவரை
எனக்கு ஒரு பிள்ளை இருந்தது.

அடுத்த கட்டிலில் இலுப்பைக்கடவை மெற்றில்டா.
இருபத்திரண்டு வயது, முழங்காலில் வந்தது.
புருவம் இல்லாமல் செல்பி எடுக்கக் கூடாதாம்,
பென்சிலால் கீறிவிட்டாள்.
ஒன்று மேலே ஏறிவிட்டது.
அன்று முழுக்க
நேர்சுமாரிடம் எதையோ கேட்பதுபோலவே இருந்தேன்.
இப்போது அவளின் நம்பரில் தம்பி இருக்கிறான்.
நெல்லு விலை ஸ்டேட்டஸ் போடுகிறான்.
நான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.
எனக்கு வயல் இல்லை.

திரும்பி வந்தபோது
செங்கமாரி எண்டு சொல்லு, என்றா மாமி.
புறோக்கரிடமும் அதையே சொல்லியிருக்கிறா.
சுகமாகிட்டாய்தானே, என்கிறார்கள் எல்லாரும்;
கேள்வி இல்லை அது,
கதவைச் சாத்துகிற சத்தம்.

விரல் நுனிகள் இன்னும் மரத்திருக்கின்றன.
ஒருநாள் கொலர் தைக்கையில் ஊசி ஏறியது.
வெள்ளைத் துணியில் சிவப்பைக் கண்டபிறகுதான்
அது என்னுடையது என்று தெரிந்தது.
மணிக்கு அறுபது பீஸ் டார்கெட்.
எனக்கு நாற்பத்தொன்று.
சூப்பர்வைசர் கௌரிதாஸ் ஒன்றும் சொல்வதில்லை.
சொன்னால் நல்லது.

பதினொரு மாதம் கழித்து
தொழிற்சாலைக் கழிவறையில்
மற்ற இரத்தம் வந்தது.
பூட்டிய கதவுக்குள் குந்தியிருந்து அழுதேன்.
வெளியிலிருந்து துவாரகி
கதவுக்குக் கீழே பாட் தள்ளிவிட்டாள்.
வயித்துக்குத்தோ, என்றாள்.
சரியான குத்து, என்றேன்.

இன்று பதினாலாவது தவணை.
ரசீதை கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.
புதிதாய் வந்த முடி சுருள்.
ஹெல்மெட்டுக்குள் அடங்காது.

காலையில் றெயில் கேற் பூட்டியிருந்தால்
இடக்கை தானாகவே கழுத்துக்குப் போகும்.
தடவும். அமத்தும்.
மற்றப் பக்கமும் தடவும்.
ரயில் போகும்,
கேற் மேலே ஏறும்,
கை அங்கேயே இருக்கும்.
பின்னால் ஹோன் அடிப்பார்கள்.
அவர்களுக்கு அவசரம்.
எனக்கும்தான்,
ஏழரைக்கு லைன் தொடங்கிவிடும்.