புல் தடுக்கி

படிவத்தில் எட்டாவது கேள்வி:
ஓடுபாதையின் மேற்பரப்பு.
கான்கிரீட், தார், சரளை, புல்.
புல்லுக்கு நேரே குறியிட்டேன்.
நிலை: உலர்ந்தது, ஈரமானது.
இரண்டே கட்டங்கள்.
மூன்று நாள் தூறலில் ஊறி,
அன்று காலைதான் வெட்டி, வெட்டியதை அள்ளாமல் விட்ட
ஆகஸ்ட் மாதத்துப் புல்லுக்குக்
கட்டம் இல்லை.

மேலிருந்து பார்க்க எவ்வளவு நல்ல பச்சை.
ஃபிஷ் கிரீக் தாண்டியதும்
குன்றுகளின் மடிப்பில் ஒரு நீளத் துண்டு,
ஓரங்களில் வெள்ளையடித்த டயர்கள்,
காற்றுப்பை பாதித் தூக்கத்தில்.
"அதிலா இறங்கப் போகிறோம்?" என்றான் செந்தூரன்.
அறுநூற்றைம்பது மீட்டர், என்றேன்,
அது ஒரு பதில் போல.
நான் உரிமம் வாங்கி நான்கு வருடம்.
அவன் என்னோடு ஏறியது அன்றுதான்.

சக்கரங்கள் தொட்டபோது சத்தமே இல்லை.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
இதுவரை நான் இறக்கியதிலேயே
ஆக மென்மையான இறக்கம் அது.
அவன் கைதட்டினான்,
இரண்டு தட்டு.
மூன்றாவதற்குள் பிரேக்கை மிதித்திருந்தேன்.

சக்கரம் நின்றது.
விமானம் நிற்கவில்லை.
விட்டேன், மிதித்தேன், விட்டேன்,
சோப்பு நுரையில் கால் வைத்தவள்
குளியலறைச் சுவரைத் தேடுவதுபோல.
இஞ்சினை முழுதும் திறந்து மறுபடி எழும்ப
ஒரு நொடி இருந்தது.
அது எந்த நொடி என்று இப்போது தெரியும்:
இடப்பக்கம் மூன்றாவது டயரைக் கடந்த நொடி.
அப்போது நான்
அவன் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலி வந்தது.
கம்பிகள் அறுந்ததை
வீணை நரம்பு என்றெல்லாம் எழுத முடியாது;
டப், டப், பிறகு ஒரு நீண்ட இழுவை.
முன்சக்கரம் சேற்றில் புதைய,
மெதுவாக, தோசையைத் திருப்புகிற நிதானத்தோடு
யாரோ எங்களைக் கவிழ்த்தார்கள்.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினோம்.
கூரைமேல், அதாவது கீழே,
சில்லறைக் காசு, வரைபடம்,
அவன் உரித்து மடியில் வைத்திருந்த மாண்டரின் சுளைகள்.
பெட்ரோல் வாடை.
சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.
மன்னித்துக்கொள், என்றேன்.
"என்னிடமா, இதனிடமா?"
அப்போதுதான் பார்த்தேன்,
என் கை கருவிப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தது.

மாடுகள்தான் முதலில் வந்தன.
பிறகு குவாட் பைக்கில் ட்ரெவர் லாங்ஸ்டாஃப்,
பால் கறந்த கையோடு, ரப்பர் ஏப்ரனோடு.
யாருக்கும் அடி இல்லை என்றதும்
வேலியைப் பார்த்தார்.
ஒரு கம்பத்தைக் காலால் தட்டி,
எப்படியும் மாற்ற வேண்டியதுதான், என்றார்.
கம்பம் புதிது. மரத்தில் ஆலையின் சீட்டு இருந்தது.
அந்தப் பொய்க்கு
இன்னும் நான் நன்றி சொல்லவில்லை.

இரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அழைத்தான்:
"புல் தடுக்கிப் பயில்வான் எப்படி இருக்கிறாள்?"
சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.
செந்தூரன் சிரிக்கவில்லை.
அவன் தோளில் பெல்ட்டின் தடம்
கத்தரிப்பூ நிறத்துக்கு
ஏறிக்கொண்டிருந்தது.

கடைசிக் கேள்வி:
நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்.
ஆறு வரி இடம்.
வேகம் எழுதினேன். காற்று எழுதினேன்.
தொட்ட இடம், நின்ற இடம்.
கைதட்டலை எங்கே எழுதுவதென்று தெரியாமல்
பேனா மூடியைத் திறந்து
மூடிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்து அறையிலிருந்து
மாண்டரின் உரிக்கிற வாசனை.