க்றீச்

வியாழன் இரவு ஒன்பது மணி,
ராதோவின் முறை.
வெப்பக்குழாய் செப்பனிடுகிறவன்,
கரி அப்பிய கட்டைவிரலால்
எங்கள் நால்வரின் கைப்பேசிக்கும் ஒன்றை அனுப்பினான்.
நாலே நொடி.
"யார் வாசித்தது, எந்த ஊர், எந்த வருஷம்?
பரிசு வழக்கம்போல
ஒரு புட்டி பூசணிவிதை எண்ணெய்."

மரிபோரில், ரொட்டிக்கூடத்தில்,
மாவுக் கையோடு காதில் வைத்தேன்.
இசையே இல்லை.
வில் தந்தியில் விழுமுன் வெட்டியிருக்கிறான், பாவி.
பசித்தவனிடம் தட்டைக் காட்டிவிட்டு
சூப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிற வேலை.

திரும்பத் திரும்பக் கேட்டேன்.
பதினோராவது தடவை
அந்த வெறுமைக்குள் ஆட்கள் நடமாடினார்கள்.
முதலில் ஓர் இரைச்சல், தூரத்து மழைபோல.
"நாடாப் பதிவு" என்றாள் வ்லாஸ்தா,
ப்துயி ஊரின் இரவு மருந்துக்கடையில்
ஒரு இருமல் மருந்துக்கும் ஒரு தூக்க மாத்திரைக்கும் நடுவே.
சரக்கு ரயில் ஓட்டும் சிரில்
சுரங்கங்களைக் காதால் அளந்து பழகியவன்:
"கல் சுவர். உயரக் கூரை. தேவாலயம்.
தரை மட்டும் மரம்."
எனக்குச் சிக்கியது மூச்சு.
மூக்கால் இழுத்த நீள மூச்சு.
பியானோக்காரர்கள் இப்படி இழுக்கமாட்டார்கள்,
இது செலோ.
இழுத்த நீளத்துக்கு, மெதுவான பகுதி,
மூன்று மூன்றாக எண்ணுவது.
இரண்டாம் நொடியில் குழாய் ஒன்று தட்டியது.
அப்படியானால் குளிர்காலம். அந்தத் தட்டலுக்காகத்தான்
ராதோ இந்தப் பதிவையே காதலித்திருப்பான்.

இவ்வளவும் தெரிந்தது.
ஒன்றும் தெரியவில்லை.
நான் புடாபெஸ்ட் என்றேன். வ்லாஸ்தா கிராட்ஸ்.
சிரில் வருஷங்களைப் பத்துப் பத்தாக ஏலம் விட்டான்.
ஒவ்வொன்றுக்கும் ராதோ
ஓர் உறைந்த மீனின் படம் அனுப்பினான்.
மூன்றாம் நொடி முடிகிற இடத்தில்
க்றீச்.
நாற்காலி என்றோம்.
இல்லை, பியானோ மிதி.
இல்லை, எலி.

பதினொன்று இருபதுக்கு யெர்னேயா எழுதினாள்.
நீச்சல்குள வாசலில் சீட்டுக் கிழித்து ஓய்வுபெற்றவள்.
இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள்,
ஒரு விடையும் சொன்னதில்லை.

"எலி இல்லை. என் காலணி.
எழுபத்துநான்கு பிப்ரவரி, ஸ்லோவென் கிராடெட்ஸ்.
எனக்குப் பத்தொன்பது.
பியானோவுக்குத் தாள் புரட்ட ஆள் வரவில்லை,
என்னைப் பிடித்து நிறுத்தினார்கள்.
நாற்காலி தரவில்லை.
அக்காவின் காலணி, பனியில் ஊறியிருந்தது.
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினேன், அவ்வளவுதான்.
செலோக்காரர் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.
மறுபடி எடுக்க நாடா மிச்சமில்லை.
உறையில் எல்லார் பெயரும் உண்டு,
பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர் பெயர்கூட.
இசைத்தட்டு வீட்டில்தான் இருக்கிறது.
நாலாவது நொடியைத் தாண்டி நான் கேட்டதில்லை."

கொஞ்ச நேரம் ஒருவரும் எழுதவில்லை.
பிறகு வ்லாஸ்தா:
"அங்கேயே நின்றவள் சொன்னால் செல்லாது.
கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விதி."
அப்படியொரு விதி எப்போது வந்ததென்று
நள்ளிரவு வரை சண்டை.
நடுவே, ஒருநாளும் வேடிக்கை பேசாத சிரில்:
"எண்ணெய் அவளுக்குத்தான்.
காலணிக்குப் போடட்டும்.
ஐம்பது வருஷம் தாமதம். எங்கள் ரயில்வேயில் சகஜம்."
யெர்னேயா ஒரு சிரிப்பை அனுப்பினாள்,
பூசணி எண்ணெய் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றும்.

இரண்டு மணிக்கு, மாவு உப்பிக்கொண்டிருந்தபோது,
ராதோ முழுப் பதிவையும் அனுப்பினான்.
பதினோரு நிமிஷம்.
செலோவை அதன் போக்கில் விட்டுவிட்டு
தாள் புரளும் இடங்களை எண்ணினேன்.
ஆறு.
ஆறிலும் தாளின் சரசரப்பு மட்டும்.
கடைசி சுருதி கல்லில் ஏறிக் கரையும்வரை
அந்தப் பெண்
ஒற்றைக்காலில் நிற்கிறாள்.