மாற்றுப் பட்டியலில் இரண்டாம் பெயர்

ஜனவரி, தாலின். வெளியே மைனஸ் பதினேழு.
கெண்டி ஆவியில் இறகுப்பந்துகளைக் காட்டி
ஈரம் ஏற்றினேன், சீக்கிரம் உடையாமலிருக்க.
சொந்த நாட்டுப் போட்டி.
கைதட்டப் பதினொரு பேர்.
அதில் இருவர் அடுத்த ஆட்டத்துக்காக வந்தவர்கள்.

மார்ச்சில் ஓர்லியான், முதல் சுற்று.
மார்ச்சிலேயே பாசல், அதுகூட இல்லை.
ஏப்ரலைப் பற்றிச் சொல்ல
என்னிடம் ஒரு முழங்கால் மட்டுமே இருக்கிறது.

பந்துக்குப் பதினாறு இறகு,
எல்லாம் வாத்தின் ஒரே பக்கச் சிறகிலிருந்து.
மறுபக்கத்து இறகு ஒன்று கலந்தாலும்
பந்து தள்ளாடும் என்பார்கள்.
நான் இருபக்கமும் கலந்து கட்டியவள்:
பாதி வாரம் எஸ்டோனியாவின் ட்ரீனு,
பாதி வாரம் டார்ட்டுவில் ஒரு பல் மருத்துவமனையில்
"வலி மேலேயா கீழேயா" என்று கேட்கும் குரல்.

அரங்கத்துக்கு அரங்கம் காற்று வேறு.
குளிரூட்டியின் வாய் எந்தப் பக்கம் என்பதை
முதல் ஐந்து புள்ளிக்குள் கண்டுகொள்ள வேண்டும்.
சுரபாயாவில் ஏழாவது புள்ளியில் கண்டுகொண்டேன்.
அதற்குள் என் பந்துகள் எல்லாம்
கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே
போய் உட்கார்ந்திருந்தன,
விருந்துக்கு வந்தும் வாசல் தாண்டாதவர்கள் மாதிரி.
கூட்டம் என் அடிக்கு ஓர் எழுத்தும்
எதிராளி அடிக்கு ஓர் எழுத்துமாகக் கத்தியது.
நெடுநேரம் இழுத்த ஆட்டங்களில்
அது ஒரு சொல்லாகிவிடும்போலிருந்தது. ஆகவில்லை.

அக்டோபர். ஓடென்சே.
தகுதிச் சுற்றின் மாற்றுப் பட்டியலில் இரண்டாம் பெயர் நான்.
இரண்டு பேருக்கு ஏதாவது ஆக வேண்டும்.
அப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று
பேருந்தில் இரவெல்லாம் யோசித்தேன்.
வேண்டவில்லை.
வேண்டாமலும் இல்லை.

காலையில் ஒருத்திக்கு விசா வரவில்லை,
ஒருத்திக்குக் கடைவாய்ப்பல்.
(மேலேயா கீழேயா?)

எதிரே குதுஸ் ஊர் வுலன்தாரி, பத்தொன்பது வயது.
மூன்றாம் ஆட்டம், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.
அவள் தலைக்கு மேலாகத் தூக்கிவிட்டேன்.
பின்னால் ஓடினாள். பந்துக்கு முன்பே
கணுக்கால் திரும்பியது.
காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

நடுவர் இரண்டாவது முயற்சியில்
என் பெயரைச் சரியாக உச்சரித்தார்.
வென்றவள் நான்.
அவள் மட்டையை எடுத்துப் பையில் வைக்கப் போனேன்;
பிடி முழுக்க ஈரம்,
யாருடைய வியர்வை என்று தெரியவில்லை.

பனிக்கட்டி வாளிக்குள் காலை விட்டபடி
இருவருக்கும் இரவலான ஆங்கிலத்தில் கேட்டாள்:
"அந்தப் பந்து, உள்ளேயா?"
நான் பார்க்கவில்லை.
கோட்டு நடுவரும் அவள் காலைத்தான் பார்த்தார்.
ஆட்டம் முடிந்துவிட்டதால் கேமராவை யாரும் கேட்கவில்லை.
துடைப்பான்காரப் பையன் அதைப் பொறுக்கி
உடைந்த பந்துகளின் கூடையில் போட்டான்.

அன்று மாலையே அடுத்தவளிடம் தோற்றேன்,
இருபத்தெட்டு நிமிடம்,
தண்ணீர் குடிக்கக்கூடத் தாகம் வரவில்லை.
அப்புறம் சார்ப்ருக்கென். அப்புறம் கார்டிஃப்.
ஒரு விமான நிலையத்தில் பிறந்தநாள்.

டிசம்பரில் ஹாங்ஜோவில் எட்டுப் பேர் ஆடுகிறார்கள்.
வரவேற்பு மேசையில், குரலை அடக்கிய கைப்பேசியில்,
வெள்ளைப் புள்ளி ஒன்று போய்வருகிறது.
வாய் மரத்த ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
ஏதோ கேட்கிறார். புரியவில்லை, தலையாட்டுகிறேன்.
எழுபத்தொன்றில் தொடங்கி அறுபத்தெட்டில் நிற்கிறேன்.
இந்த மூன்றில் ஒன்று அந்தக் கணுக்காலுடையது.

திரையின் மேல் ஒரு செய்தி இறங்குகிறது.
செருப்புக்குள் மெலிந்த பாதம், படம்.
கீழே: "ஜனவரியில் எங்கே?"

தாலின், என்று அனுப்புகிறேன்.
"குளிருமா?"
குளிரும். இரண்டு காலுறை எடுத்துவா.
அந்தக் காலுக்கு மூன்று.